வைரம் கொடுத்து எழுந்த இடம்

இன்று காலை எழுந்ததும், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, நம் ஓட்டக்காரன் ஆட்டத்தை அழிக்கப் போனேன். போனில் இடமில்லை, எதையாவது நீக்கு என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம் என்று தொட்டேன். மலை விளிம்பில், கயிற்றைப் பிடிக்க வேண்டிய இடத்தில் வழக்கம்போல விழுந்தான். ஒரு வைரம் கொடுத்தால் அதே இடத்திலிருந்து தொடரலாம் என்றது திரை. யோசிக்காமல் கொடுத்தேன். "குடுத்துட்டியா? உனக்கு வெக்கமே இல்லடி" என்று உன் குரல் கேட்டது. அழிக்க மனம் வரவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. இந்த விஷயத்தில் மட்டும் இன்னும் என்னை விடுவதாக இல்லை.

செங்கத்தில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூர் ஆபீஸ் வாசலில் இறங்கும்வரை நமக்கிருந்தது இந்த ஆட்டம்தான். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டினால் சிக்னல் போய்விடும். மற்றவர்கள் வாந்திக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, நீ இடது கையில் பழமும் வலது கட்டைவிரலில் ஓட்டக்காரனுமாக உட்கார்ந்திருப்பாய். பஸ் இடப்பக்கம் திரும்பினால் அவன் வலப்பக்கம் திரும்புவான். உனக்குத் தலை சுற்றியதே இல்லை. "மேடம், டிரைவருக்கு லீவு குடுத்துட்டு உங்கள உக்கார வெச்சிடலாம் போல கீதே" என்பார் கண்டக்டர்.

எத்தனை ஆட்டங்களை இறக்கிப் பார்த்தோம்! தண்டவாளத்தில் ஓடும் ஆட்டம் என் மகளுக்குப் பிடித்தது. கண்ணைப் பறிக்கும் நிறங்கள். ஆனால் திருப்பமே கிடையாது, மூன்று தடங்களில் மாறி மாறித் தாவ வேண்டியதுதான். "இது கீழ கீறவங்க ஆட்டம்டி. நேராவே ஓடுது" என்று தள்ளிவிட்டாய். குரங்கு ஓடும் இன்னொன்றில் விழுந்தாலும் விளம்பரம், எழுந்தாலும் விளம்பரம். "ஓடறத வுட சோப்பு வெளம்பரம் பாக்கறதுதான் ஜாஸ்தி." சிக்னல் போனதும் அதற்கு உயிரும் போய்விடும். கடைசியில் மிஞ்சியது நம் ஓட்டக்காரனின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும். சண்டையும் அவற்றுக்காகத்தான்.

எனக்கு இரண்டாம் பாகம். அதன் பாதை நம் மலைப்பாதை மாதிரியே ஏறி இறங்கும். மேடேறும் வரை அடுத்த வளைவு தெரியாது. நீயோ வெறும் மதில்மேல் ஓடும் முதல் பாகத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டாய்.

"அதுல விழுந்தா விழுந்ததுதான். மொதல்லேர்ந்து ஓடணும். வைரம் குடுத்து அதே எடத்துல எழுந்து நிக்கிறதுக்குப் பேரு இன்னாடி?"

"பொழைக்கறது."

"நீ ஆபீஸ்ல ரெண்டு தபா எழுதிக் குடுத்தியே, அந்த மாதிரியா?"

பதவி உயர்வு வந்தால் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வது நம் ஆபீஸ் பெண்களுக்குப் புதிதல்ல. ஏற்றுக்கொண்டால் வெளியூர் போக வேண்டும். முதல் தடவை மகள் சின்னவள். இரண்டாம் தடவை மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காரணங்கள் பொய்யல்ல, அதனால்தான் நீ சொன்னது சுட்டது. மறுநாளிலிருந்து பின்சீட்டுக்குப் போய்விட்டேன். சில நாள் பொறுத்துப் பார்த்தாய். பிறகு ஒரு காலை, பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டிருந்தபோது, முன்சீட்டிலிருந்து உன் எலுமிச்சம்பழத்தைத் தரையில் விட்டாய். அது உருண்டு வந்து என் காலில் முட்டியது. திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தாய், திருடி.

போன வாரம் மூன்றாவது உத்தரவு வந்தது. நாகப்பட்டினம். மகள் இப்போது கல்லூரி விடுதியில். மாமியார் தானே கடைக்குப் போய்வருகிறார். இந்தத் தடவை சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் வீட்டில் யாரும் "போகிறாயா?" என்று கேட்கவில்லை. காலையில் காபி கொடுத்தபோது என் வீட்டுக்காரர் நிமிராமலே கேட்டார்: "எழுதிக் குடுத்துட்டியா?"

"இல்லீங்க. இன்னிக்கித்தான் கடைசி."

"மறந்துடாத. அப்புறம் பேஜாராய்டும்."

"அவ மறப்பாளா? பழகுன கைதானே" என்று மாமியார் உள்ளிருந்து சிரித்தார். பிரியமாகத்தான் சொன்னார். ஆட்டத்தில் ஓட்டக்காரனைத் துரத்துவதாவது ஒரு மிருகம், என்னைத் துரத்துவது அந்தப் பிரியம்.

பஸ்ஸில் மறுபடி ஓடினேன். மறுபடி அதே விளிம்பு. வைரம் கேட்டு நேரம் காட்டும் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. கட்டைவிரல் தானாகப் போனது. பிடித்து நிறுத்தினேன். வட்டம் மூடிக்கொண்டது. முதலிலிருந்து தொடங்கினான்.

இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். உன் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் இரண்டு முறை கேட்டுவிட்டாள்: "மேடம், எழுதிக் குடுத்தீங்கன்னா தபால்ல சேத்துடுவேன்." எதிரே ஒரு வெள்ளைத் தாளையும் வைத்துவிட்டுப் போனாள். "குடுக்கறேம்மா" என்றேன்.

நாகப்பட்டினத்தில் மலையே கிடையாது. பாதையெல்லாம் நேராகவே ஓடுமாம். சிரிக்காதே. எலுமிச்சம்பழம் தேவைப்படாத ஊருக்கும் ஒன்றைப் பையில் எடுத்துப் போவேன்.

அவள் வைத்த தாளில்தான் இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. வேறு தாள் கேட்கப் போவதில்லை.