பச்சைக் கொப்பியில் இரண்டு பக்கம்

உப்புவெளி,
திருகோணமலை.
12.10.2025

அன்புள்ள றிஷானாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீயும் உன் மாப்பிள்ளை ஹஸ்மி நானாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்க இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான்கு தரம் எழுதி, நான்கு தரமும் அழித்தேன். நீ வாசித்துவிட்டாய் என்று காட்டும் அந்த நீல அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. உன் கூடப்பிறந்த ஸப்வான் நானா வியாழக்கிழமை டோஹாவுக்கு வருகிறார். அவரிடம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கி அழிக்க முடியாது. அதனால்தான் கடிதம்.

உன் உம்மாவை நேற்றுப் போய்ப் பார்த்தேன். சீனி வருத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கால்வீக்கமும் பரவாயில்லை. உனக்கு அனுப்ப மாசிக் கருவாடும் தொதல் இனிப்பும் கட்டி வைத்திருக்கிறார். நானாவின் பெட்டியில் அவருடைய உடுப்புக்கு இடம் இருக்குமா என்பது சந்தேகம். நீ ஜனவரியில் படிக்க வருகிறாய் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னிடமும் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் முதல் தரம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன கிழமை நீ அனுப்பிய குரல் பதிவை எத்தனை தரம் கேட்டேன் என்று எண்ணவில்லை. ‘சிவா, யூனிவர்சிட்டி செனட்டில இருந்து கடிதம் வந்திட்டுடி. ஜனவரியில வந்து ப்ரொஜெக்ட்ட முடிக்கலாமாம். அந்தப் பச்சைக் கொப்பி பத்திரமா இருக்குத்தானே? அந்த ரெண்டு பக்கம் போதும், மிச்சத்த நான் பாத்துக்குவன்’ என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாய். அதற்கு நான் ஒரு சிரிக்கும் முகமும் ஓர் இதயமும் அனுப்பினேன். வெட்கம் கெட்டவள்.

கொப்பி பத்திரமாக இருக்கிறது, றிஷானா. அந்த இரண்டு பக்கம்தான் உன்னுடையதாக இல்லை. என் ஆய்வறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில், என் பெயரில், தேற்றமாக அச்சடித்து, கறுப்பு மட்டை போட்டு, நூலகத்தில் இருக்கிறது. நீ ஜனவரியில் வந்து அதையே எழுதிக் கொடுத்தால், சிவாஜினியைப் பார்த்து எழுதியிருக்கிறாய் என்று உன்னைத்தான் பிடிப்பார்கள்.

விடுதி அறையில் நீ அலுமாரியைக் காலி செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டாருக்குக் கொண்டுபோனால் எங்கேயாவது தொலைந்துவிடும் என்று சொல்லி அந்தக் கொப்பியை என் கையில் தந்தாய். நம்மை மேற்பார்வை செய்யும் கோணேஸ்வரி மேடத்துக்கு இன்னும் காட்டவில்லை, முழுவதும் எழுதிய பிறகுதான் காட்டுவேன் என்றாய். ‘இது அமானிதம், சிவா’ என்றாய். நான் ஓம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன். நம்பி ஒப்படைத்த பொருளைத் தொடக்கூடாது என்று எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல் தெரியும்.

மார்ச் மாதம் என் தலைப்பு உடைந்துபோனது. நான் எட்டு மாதம் மாரடித்ததை எங்கோ ஒரு நாட்டில் யாரோ இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். கோணேஸ்வரி மேடம் அதைத் தேடி எடுத்துக் காட்டினார். ஆய்வறிக்கையைக் கையளிக்கப் பத்துக் கிழமைதான் இருந்தது. வேறு கேள்வி பார்ப்போம், பயப்படாதே என்று மேடம் சொன்னார். நான் நேரே அறைக்கு வந்து, பெட்டிக்கு அடியில் இருந்து உன் கொப்பியை எடுத்தேன். சும்மா பார்க்கத்தான் எடுத்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. நீ திரும்பி வரமாட்டாய் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கல்யாணம் முடித்து வெளிநாடு போனவள், இனிக் குடும்பம் பிள்ளை என்று இருந்துவிடுவாள், இந்தக் கணக்கு அவளுக்கு எதற்கு என்று நம்முடைய பிரிவில் எல்லாரும் கதைத்தார்கள். முதலில் கதைத்தவள் நான்தான். ஹஸ்மி நானா உன் படிப்புக்காக எத்தனை மின்னஞ்சல் எழுதினார் என்று உம்மா சொல்லித்தான் நேற்று எனக்குத் தெரிய வந்தது. நான்கு வருடம் ஒரே அறையில் உன்னோடு இருந்த எனக்கு உன்னைத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மரம்போல் கிளைக்கும் வரைபடத்துக்கு எண் போடும் உன் வழியில், ஒற்றை எண்ணிக்கையில் கிளைகள் வரும் இடத்தில் நீ ஒரு கேள்விக்குறி போட்டு விட்டிருந்தாய். அதை நிறுவ எனக்கு ஏழு கிழமை எடுத்தது. அது உண்மையிலேயே என்னுடைய உழைப்பு. யோசனை றிஷானாவுடையது, மிச்சம் நான் செய்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மேடம் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார். எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அந்த ஒரு வரியை எழுத எனக்கு மனம் வரவில்லையே, றிஷானா! நன்றியுரையில் கோணேசப் பெருமான் முதல் போட்டோக் கொப்பிக் கடைக்காரர் வரைக்கும் நன்றி சொன்னேன். உன் பெயரைப் போட்டால் எதற்காக என்று யாராவது கேட்பார்களோ என்று விட்டுவிட்டேன். இது முழுவதும் என் சொந்த ஆக்கம் என்ற பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

வைவா வாய்மொழிப் பரீட்சையில் வெளியில் இருந்து வந்த பரீட்சகர் நல்ல மனிதர். எல்லாரும் மரத்தின் அடியில் இருந்து எண் போட்டுக்கொண்டு போக, நீங்கள் மட்டும் நுனியில் இருந்து தொடங்கியிருக்கிறீர்கள், இந்த யோசனை எப்படி வந்தது என்று ஆசையாகக் கேட்டார். ஊருக்கு வரும் பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்தபோது வந்தது, சேர் என்றேன். சிரித்தும் காட்டினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். மேடம் பெருமையோடு என்னைப் பார்த்தார்.

செப்டெம்பரில் முடிவு வந்தது. முதல் வகுப்பு. ஆய்வுக்கு ஏ. அம்மா என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். துறையில் தற்காலிகமாகப் படிப்பிக்கும் வேலைக்கு என்னை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு நாள் குறித்த அடுத்த நாள்தான் உன் குரல் வந்தது.

செவ்வாய்க்கிழமை வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்படி அவளுடைய என்ன சாமானை எடுத்தாய் என்று கேட்டார். குசினி மேசையில் தாளை வைத்துக் கிளை கிளையாக ஒரு மரம் வரைந்து காட்டினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் போட வேண்டும், கோட்டால் இணைந்த இரண்டு எண்களின் வித்தியாசம் ஓரிடத்தில் வந்தால் வேறெங்கும் திரும்ப வரக்கூடாது, அதற்கு வழி கண்டுபிடித்தவள் றிஷானா என்றேன். இதுக்குப் போய் ஆர் பிள்ளை கேக்கப் போகினம், பேசாம இரு என்று அம்மா சொன்னார். அப்பா சீனன்குடாவில் வேலை முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வரைந்த தாளை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, ‘விடியப் போய்ச் சொல்லிப்போட்டு வா. பஸ்ஸுக்கு நான் ஏத்தி விடுறன்’ என்றார். அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

மேடத்திடம் உன் கொப்பியையும் நான் எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன். உன் கையெழுத்தும் ஒவ்வொரு பக்கத்தின் மேலே நீ போட்ட திகதியும் இருந்ததால் அதிகம் விளக்க வேண்டி வரவில்லை. மேடம் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘எனக்கு ஏன் பிள்ளை அண்டைக்கே சொல்லேல்ல’ என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இனி இது தன் கையில் இல்லை, விசாரணைக்குப் போகும் என்றார். என் முடிவை நிறுத்தி வைப்பார்கள். பட்டமும் போகலாம். நேர்முகத்துக்கு வரவில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் யோசனை உன்னுடையதுதான் என்று துறையில் பதிவு செய்த பிறகுதான் நீ வந்து தொடங்கலாமாம். கொப்பியைப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார். உம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே நான் ஒரு கோடும் போடவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். இரண்டாம் வருடம் நான் பாட ஒப்படையைப் பிந்திக் கொடுத்தபோது, என் கொப்பியை வாங்கி வைத்திருந்தது நீதான் என்று பொய் சொல்லி, எனக்காக எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினாய். பிறகு அறைக்கு வந்து அந்த ஏச்சை அபிநயம் பிடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைத்தாய்.

இந்த மாதக் கடைசியில் துறையில் இருந்து உனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அந்தப் பக்கங்களைச் சிவாஜினி எடுத்துப் பாவிக்க நீங்கள் சம்மதித்தீர்களா என்று கேட்பார்கள். உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், றிஷானா. நான்தான் குடுத்தனான் என்று எழுதிப்போடாதே.

உன் படிப்பு நல்லபடி முடிய வேண்டும் என்று கோணேசரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்,
சிவாஜினி