கதவு ரப்பர் கடித்த அட்டை

என் செல்ல வாலுக்கு,

உன் சித்தப்பன் எழுதுவது. நான் நலம், சித்தி என்னைவிட நலம், நம் கிழட்டுக் கார் எங்கள் இருவரையும்விட நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பித் தொடர்கிறேன். இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று என் மீசைமேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

போன மாதம் பெய்த மழை வெளியே பெய்ததைவிட நம் காருக்குள்தான் அதிகம். முன் சீட்டில் சித்தி குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள், பின் சீட்டில் குடும்பத்தோடு குடியேறிய தவளை நான் பிரேக் போடும்போதெல்லாம் என்னைத் திட்டியது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வயதாகி விறைத்து வெடித்துவிட்டதுதான் காரணம். வேகமாகப் போனால் அந்த இடுக்கில் காற்று அடிக்கும் விசிலுக்கு மூன்று தெரு நாய்களும் கூடவே ஓடிவரும். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சித்தி, "இன்னும் ஒரு சொட்டு என் மேல விழட்டும், மறுநாளே இது பழைய இரும்புக்குப் போயிடும்" என்றாள். சும்மா சொல்லவில்லை, பழைய இரும்புக் கடைக்காரரின் விசிட்டிங் கார்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியே விட்டாள். நீ ஓட்டப் பழகிய கார், நீ கேட்டில் இடித்த பள்ளம்கூட அப்படியே இருக்கிறது.

மெக்கானிக்கிடம் ஓடினேன். இந்த மாடலுக்குப் புது ரப்பர் வருவதே இல்லை என்று கையை விரித்தவர், "இருக்கறதையே தேத்துங்க சார், சோப்புத் தண்ணில கழுவிக் காயவிட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்க, கண்ட எண்ணெயப் பூசினா ரப்பர் ஊதிப்போகும்" என்றார். கழுவினேன், வந்த அழுக்கில் ஒரு தோட்டமே போடலாம். கிழிந்த மூலைகளைப் பசை வைத்து ஒட்டியபோது நானும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் ஐந்தாவது கதவாக நின்றேன். ஏழு நாள் தடவியதில் ரப்பர் பச்சைக் குழந்தையின் கன்னம்போல ஆகிவிட்டது, கிள்ளக்கூட மனசு வரவில்லை.

அப்புறம் பரீட்சை. ஓர் அட்டையை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும், லேசாக வந்துவிட்டால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சித்தி நேராகப் போய் ஃப்ரிட்ஜிலிருந்த அந்தக் கார்டையே எடுத்து வந்தாள். "சுலபமா வந்துச்சுன்னா இங்க நின்னே அவருக்கு ஃபோன் போட்டுடறேன்" என்றாள். மூன்று கதவு தேறியது. நாலாவது அவள் உட்காரும் பக்கம், அதிலும் அந்த மேல் மூலை மகா மோசம். இழுத்தாள் பார், பூமி அதிர்ந்தது, பறவைகள் பறந்தன, கார் இரண்டடி நகர்ந்தது, கார்டு நம்பரோடு சேர்ந்து இரண்டாகக் கிழிந்தது! சாட்சிக்கு ஒரு பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நீ வரும்போது இந்தக் காரில்தான் அழைத்துவர வருவோம், குடை கொண்டுவராதே. பல் வலியை அலட்சியம் செய்யாமல் டாக்டரைப் பார். நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக இரு.

உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த,
சித்தப்பன்

பி.கு. இதில் ஒன்றே ஒன்று நிஜம். அந்த மூலையில் ரப்பர் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, நேராக இழுத்திருந்தால் கார்டு முழுசாக வந்திருக்கும். உன் சித்தி அதை முறுக்கிக் கிழித்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, நீயும் காட்டிக்கொள்ளாதே.