படிக்காமல் எரிப்பதாகச் சொன்ன சீட்டுகள்

அனுப்புநர்:
நாளிதழ் நிருபர், பல்கலைக்கழகச் செய்திப் பிரிவு.
(பெயரும் முகவரியும் இத்துடன் உள்ள ஒட்டிய உறையில். அதைத் தாங்கள் மட்டும் பிரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம் 8-ஆம் பத்தியில்.)

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், முதல் தளம்.

பொருள்: சமயவியல் துறையின் அமைதி அறைப் பெட்டியில் இடப்பட்ட சீட்டுகளைப் படித்துக் காட்சிக்கு வைத்தது, எரித்ததாகப் பொய்ச் செய்தி தந்தது – மார்ச் 1-க்கு முன் சீட்டுகளை மீட்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. துறையின் ‘செய்திகளும் நிகழ்வுகளும்’ இதழ், இவ்வாண்டு ஜனவரி, பக்கம் 3. 2. அதே இதழ், ஈராண்டுக்கு முந்தைய ஜனவரி, பக்கம் 1. 3. இவை குறித்து நான் எழுதி வெளியான இரண்டு செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

முப்பத்தோர் ஆண்டுகளாகப் பிறருடைய புகார் மனுக்களைச் செய்தியாக்கி வந்தவன் நான். சொந்தமாக ஒன்று எழுதுவது இதுவே முதல் தடவை. பதினாறு நாட்களாக அதிர்ச்சியில் இருக்கிறேன். அதிர்ச்சியில் இருப்பவன் எழுதுவது முன்பின்னாகப் போகும் என்பதால், தேதி வரிசையிலேயே சொல்கிறேன்.

1. சமயவியல் துறைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு இடப்பக்கம் அமைதி அறை உள்ளது. எந்த மதத்தவரும், மதம் இல்லாதவரும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். எட்டு நாற்காலிகள், ஒரு பாய், சாம்பல்நிறத் திரை. ஜன்னல் ஓரம் பூட்டிய மரப்பெட்டி. அதன் மேல் துறை முத்திரையுடன் ஓர் அறிவிப்பு: “மனத்தில் இருப்பதை எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம். எவரும் படிக்க மாட்டார்கள். ஆண்டு முடிவில் படிக்காமலே எரிக்கப்படும்.” நேற்று மாலை நான்கு மணிக்கும் அந்த அறிவிப்பு அங்கேயே இருந்தது.

2. பிப்ரவரி 3 அன்று துறையின் கருத்தரங்கக் கூடத்தில் ‘மனிதர் வேண்டுவது என்ன?’ என்ற கண்காட்சி தொடங்கியது. செய்தி சேகரிக்கப் போனேன். 212 வேண்டுதல்கள் ஒரே அளவு அட்டைகளில் தட்டச்சு செய்யப்பட்டு நோய், தேர்வு, திருமணம், பகை என்று பலகை பலகையாக ஒட்டப்பட்டிருந்தன. கடைசிப் பலகையின் தலைப்பு ‘சில்லறை வேண்டுதல்கள்’. கூட்டம் அங்கேதான் இருந்தது. அட்டை எண் 41 இப்படி இருந்தது: “என் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். கேட்க வேண்டியவரிடம் கேட்க வாய் வரவில்லை.”

பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவர் ஒருவர், “சாமி என்ன இரும்புக்கடையா வச்சிருக்காரு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதியும் கொண்டேன்.

இந்த அட்டைகளில் இருப்பவை எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெட்டிச் சீட்டுகள் எரிக்கப்பட்டதை ஈராண்டுக்கு முன் நானே செய்தியாக்கியிருந்ததால், இவை வேறெங்கோ எழுதியவர்களின் சம்மதத்தோடு வாங்கியவை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

3. பிப்ரவரி 5 அன்று எங்கள் நாளிதழின் ஆறாம் பக்கத்தில் செய்தி வந்தது. தலைப்பு: ‘கடவுளிடம் தாழ்ப்பாள் கேட்டவர்’. அட்டையின் முதல் இரண்டு வாக்கியங்களை அப்படியே கொடுத்தேன். மூன்றாவதை எடுத்துவிட்டேன், இடம் போதவில்லை. வெட்டியது நான்தான். உதவி ஆசிரியர் மீது பழி போட விரும்பவில்லை.

4. அன்று காலை சாப்பாட்டு மேசையில் என் மனைவி அந்தச் செய்தியை உரக்கப் படித்தார். “தாழ்ப்பாளுக்கெல்லாம் சாமிகிட்டப் போவாங்களா? வீட்ல ஆள் இல்லையா அவங்களுக்கு?” என்று கேட்டுச் சிரித்தார். என் தங்கை சுவரோரம் வேலைக்குப் போகும் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, “அது நான் எழுதின சீட்டு அண்ணி. கடைசி வரியை மட்டும் காணோம்” என்றார்.

என்னைப் பார்க்கவில்லை. மாலையில் ஒரு பையோடு பணிபுரியும் மகளிர் விடுதிக்குப் போய்விட்டார்.

5. என் தங்கைக்கு வயது நாற்பத்தேழு. இப்பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவில் வேலை செய்கிறார். எந்தப் பிரிவு என்பதை எழுதவில்லை. திருமணம் முறிந்து ஏழு ஆண்டுகளாக எங்களோடு இருந்தார். எங்கள் வீட்டுப் பால்கனிக்குப் போக அவருடைய அறை வழியாகத்தான் போக வேண்டும். துணி காயப்போட, காய்ந்ததை எடுக்க, மழை வருகிறதா என்று பார்க்க, கைபேசிக்குச் சிக்னல் தேட, நாங்கள் எல்லோரும் அதன் வழியே போய்வந்தோம். கதவைத் திறந்த பிறகு தட்டுவது எங்கள் வழக்கம். யாரும் அவரிடம் கடுஞ்சொல் சொன்னதில்லை. அவரும் ஒன்றும் கேட்டதில்லை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். என் வீட்டில் இருந்த ஒருவரிடம், உனக்கு ஏதாவது வேண்டுமா என்று ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இது துறையின் குற்றம் அல்ல. ஆனால் மனுவில் மறைத்தால் மனு பொய்யாகிவிடும்.

6. பிப்ரவரி 7 அன்று துறைத் தலைவரைச் சந்தித்தேன். எதைச் சொன்னாலும் தேதி கேட்பேன் என்பதால் அத்துறையில் எனக்குப் பெயரே ‘தேதி சார்’. “வாங்க தேதி சார், செய்தி பிரமாதம். நகர நூலகத்துலயே கூப்பிட்டுட்டாங்க, மார்ச் ஒண்ணுலேருந்து அங்க வைக்கிறோம். அசல் சீட்டையே கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறோம்” என்றார். சீட்டைத் திருப்பிக் கேட்டேன். “அது இப்ப ஆய்வுத் தரவு சார். பேரே இல்லாத சீட்டு, இதுல யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார். மேலும் வற்புறுத்தியபோது, எழுதியவர் நேரில் வந்து, பெயர், பணிபுரியும் பிரிவு, கையெழுத்து மாதிரி ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் குழு பரிசீலிக்கும் என்றார். குழு கூடுவது ஏப்ரலில்.

விடுதியின் பார்வையாளர் அறையில் இதைத் தங்கையிடம் சொன்னேன். “பேர் போடாம எழுதினதுக்கு, இப்ப பேர் போட்டு மனு குடுக்கணுமாண்ணா?” என்றார். வீட்டுக்கு வரச் சொன்னபோது, “முதல்ல சீட்டு என் கைக்கு வரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

7. ஐயா, என்னை இன்னும் தூங்கவிடாத செய்தி இனித்தான். ஈராண்டுக்கு முன் டிசம்பர் 30 அன்று, துறைக்குப் பின்னால் உள்ள திடலில் சீட்டுகளை எரிக்கும் நிகழ்ச்சி நடந்தது. மூன்று சமயங்களின் பேராசிரியர்கள் தலைகுனிந்து நின்றார்கள். இரண்டு நிமிட மௌனம். பெரிய இரும்புத் தொட்டியில் தாள்கள் எரிந்தன. துறை இதழின் முதல் பக்கத்தில் படம் வந்தது. நானும் ‘படிக்கப்படாமலே விண்ணேறிய வேண்டுதல்கள்’ என்று தலைப்பிட்டு எழுதினேன். இவ்வாண்டு ஜனவரி இதழின் மூன்றாம் பக்கத்தில், விருந்தினர் சொற்பொழிவுக்கும் புத்தாக்கப் பயிற்சிக்கும் நடுவே ஆறாவது செய்தியாக ஒரு வரி இருக்கிறது: “மூன்று ஆண்டுகளில் சேர்ந்த 1,312 சீட்டுகள் படித்து வகைப்படுத்தப்பட்டன.” மூன்று ஆண்டுகள். அப்படியானால் அன்று எரிந்தது என்ன?

அன்று அங்கிருந்த ஒருவரைக் கேட்டேன். “அன்னைக்கு எரிச்சது பழைய வினாத்தாள் சார். சீட்டெல்லாம் மாடி அலமாரியில பத்திரமா இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றார். அவர் யார் என்று தாங்கள் கேட்க வேண்டாம். யாரிடம் கேட்டேன் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

வினாத்தாளுக்கு முன்னால் இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்ற அந்தப் பேராசிரியர்களில் எத்தனை பேருக்கு உண்மை தெரியும் என்பதைத் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும். தொட்டிக்கு மூன்றடி தூரத்தில் குறிப்பேட்டோடு நின்ற எனக்குத் தெரியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

என் பங்குக்கு, இரண்டு செய்திகளும் தவறு என்று பிப்ரவரி 12 நாளிதழில் திருத்தம் வெளியிட்டோம். அதே ஆறாம் பக்கம், அதே அளவு எழுத்து. துறையிலிருந்து மறுப்பும் வரவில்லை, விளக்கமும் வரவில்லை.

8. இம்மனுவைத் தங்கையிடம் படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன். இரண்டு வரிகளை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். என் பெயர் கோப்பில் ஏறினால் அவர் யார் என்பது மறுநாளே எல்லா மேசைக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் தனி உறை; இம்மனுவையும் கோப்பில் ஏற்றாமல் தங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவருடைய சீட்டை மட்டும் திருப்பித் தரக் கேட்டு முடித்திருந்தேன். “என்னுது மட்டுமா? மத்தவங்களுக்கு அண்ணன் பேப்பர்லயா இருக்காரு?” என்றார். அவர் சொன்னது சரி. ‘நோய்’ பலகையில் ஓர் அட்டை. அதை எழுதியவர் தன் பரிசோதனை முடிவை வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். எந்தக் கிழமை எந்த மருத்துவரிடம் போகிறார் என்பது உட்பட அட்டையில் இருக்கிறது. அந்த வீட்டாரும் நகர நூலகத்துக்குப் போகக்கூடும்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

அ) கண்காட்சியை உடனே மூட வேண்டும்; நகர நூலகத்துக்கு எதுவும் போகக் கூடாது.

ஆ) 1,312 சீட்டுகளையும், அட்டைகளையும், கணினியில் உள்ள படிகளையும் தங்கள் பொறுப்பில் எடுக்க வேண்டும். தன் சீட்டு வேண்டும் என்பவர், அதில் எழுதியிருப்பதைத் தங்களிடம் தனியே சொன்னாலே போதும், பெயர் கேட்காமல் கொடுத்துவிட வேண்டும். மீதியை அறிவிப்பில் சொன்னபடி எரிக்க வேண்டும். இம்முறை தொட்டிக்குள் எட்டிப் பார்க்க என்னை அனுமதிக்க வேண்டும்.

இ) இதெல்லாம் நடக்கும்வரை அமைதி அறையில் உள்ள பெட்டியை எடுத்துவிட வேண்டும். நேற்று நான் நின்றிருந்த கால் மணி நேரத்தில் இரண்டு பேர் சீட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

9. அட்டை எண் 41 குறித்து ஒரு தகவல். அதில் கேட்கப்பட்டது கடந்த ஞாயிறன்று செய்து முடிக்கப்பட்டது. தச்சர் வந்து, “வெளியவா சார், உள்ளவா?” என்று கேட்டார். உள்பக்கம் என்றேன். சரியாக விழுகிறதா என்று பார்க்க அவர் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். ஏழு ஆண்டுகளில் அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்றது அன்றுதான். தட்டிவிட்டுக் காத்திருந்தேன். துணிக்கொடி மொட்டைமாடிக்குப் போய்விட்டது. எனவே அந்த வேண்டுதலை வைத்துத் துறை ஆராய்வதற்கு இனி ஒன்றும் இல்லை. சீட்டு மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

(ஒப்பம்)

நாள்: பிப்ரவரி 21
இடம்: நாளிதழ் அலுவலகம், நிருபர் அறை

இணைப்பு: துறை இதழ்கள் இரண்டு, என் செய்திகள் இரண்டு, திருத்தம் ஒன்று, அமைதி அறை அறிவிப்பின் நேற்றைய படம்.