பன்னிரண்டு கதையும் அக்காவின் காப்பியும்

பிரேசர் டவுன், பெங்களூர்
8-1-1936

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வந்துவிட்டு நேற்றுத்தான் ஊர் திரும்பினாய். இன்றே காகிதம் போடுகிறேன், மன்னித்துக்கொள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டே உறையைக் கிழித்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. நீ எதிரில் இருந்தபோது சொல்ல வாய் வராத ஒரு விஷயம், அவ்வளவுதான்.

நேற்று பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர்கள் எல்லாரும் புதுவருஷத் தீர்மானம் சொன்னார்கள். டோரீன் டீச்சர் இனிமேல் கோபப்படுவதில்லை என்று சொல்லிவிட்டு, மத்தியானமே ஒரு பெண்ணைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினாள். என் முறை வந்தபோது தினம் பூசைக்குப் போகப்போவதாகச் சொன்னேன். மனதில் இருந்தது வேறு. போன வருஷம் என் கதை ஒன்று பத்திரிகையில் வந்ததே, அதுபோல் இந்த வருஷம் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு எழுதி முடிக்க வேண்டும்.

இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. கதை எழுதுகிறவள் என்று என்னை நானே சொல்லிக்கொள்வது, இரவல் புடவையைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதுபோல் இருக்கிறது. உன் ஒருத்தியிடம்தான் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லாதே, கட்டின புருஷன்தானே என்று மாமாவிடம்கூட.

உன் தங்கை,
பவுலின்


சேசு மரி சூசை துணை

அத்திபெலே
27-1-36

அன்பான தங்கச்சி பவுலினுக்கு அக்கா எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம். உன் காகிதத்தப் பிரிக்கிறதுக்குள்ள மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டேன், கழுதை. இனிமே நல்ல சேதின்னா கார்டுல எழுது.

மாமாகிட்ட சொல்லல. மாதாகிட்ட மட்டும் சொன்னேன். பன்னெண்டு கதையும் நீ எழுதி முடிக்கிற வரைக்கும் காப்பி குடிக்கிறதில்லேன்னு படத்துக்கு முன்னால நேர்ந்துகிட்டேன். நீ இன்டர் பரீட்சை எழுதினப்ப மீன விட்டேன், பாஸ் பண்ணின. பி.ஏ.வுக்குச் சக்கரைய விட்டேன், அதுவும் ஆச்சு. நம்ம வம்சத்துல யாரு பி.ஏ.வக் கண்டாங்க? இப்ப காப்பி. மீனும் சக்கரையும் மாதிரி இல்ல இது, எனக்கு உசுரு. அதனால மாதா கண்டிப்பா கேப்பாங்க. நீ பாட்டுக்கு எழுது.

ஜனவரி கதை ஆச்சா? மாசம் முடியப்போகுது. எழுதினதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. நாலாங் கிளாஸோட நின்னவதான், ஆனா எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன்.

காப்பி இல்லாத அக்கா,
அல்போன்சா


பிரேசர் டவுன்
19-7-1936

அன்புள்ள அக்கா,

நேற்று மாமா மார்க்கெட்டில் புளி மூட்டை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். அப்பா கொத்து வேலைக்குப் போயிருந்தார். மாமா உட்காரவில்லை. நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு, "ஏம்மா பவுலின், ஒரு கதைன்னா எத்தினி பக்கம்?" என்று கேட்டார். எனக்குச் சுரீரென்றது. உன் நேர்ச்சை அவருக்கும் தெரிந்துவிட்டது. பத்துப் பக்கமாவது வரும் என்றேன்.

"கொஞ்சம் சின்னதா எழுதினா ஒத்துக்க மாட்டாங்களா? உங்கக்காவுக்குக் காலைல எழுந்தா தலைவலி. வீட்ல பாத்திரமெல்லாம் பறக்குது. நான் ஓட்டலுக்குப் போய்த் திருட்டுத்தனமா ஒரு காப்பி குடிச்சிட்டு, வாயக் கழுவிட்டு வீட்டுக்குள்ள போறேன். இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. தலைவலி என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லையே. ஆறு மாதத்தில் நான் எழுதியது மூன்றே கதை. நேர்ச்சையை மாற்றித் தரக் கோயில் சாமியாரைக் கேட்கலாமாம். நான் கேட்கட்டுமா? வேண்டாம் என்றால் இனி வேகமாக எழுதிவிடுகிறேன். தினம் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

உன்,
பவுலின்


சேசு மரி சூசை துணை

அத்திபெலே
15-9-36

அன்பான தங்கச்சிக்கு,

சாமியார வம்புக்கு இழுக்காத. நேர்ந்தது நேர்ந்ததுதான். மாமா வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு.

நீ அனுப்பின கட்டு வந்தது. ஆகஸ்ட்ல மட்டும் அஞ்சு கதையா. ரொம்ப சந்தோஷம். எல்லாத்தையும் வாசிச்சேன். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. முதக் கதைல அந்தப் பொண்ணு காலராவுல போயிட்டா. ரெண்டாவதுல பையன் கெணத்துல. அப்புறம் ஒரு டீச்சர் ரயில்ல. நாலாவதுல கிழவரு, சரி, அவரு போனா நியாயம். அஞ்சாவதுல யாரும் சாகலையேன்னு சந்தோஷமா வாசிச்சிட்டே வந்தா, கடைசி வரில மாடு செத்துப்போச்சு. என்னடி இது, காப்பிக்காகக் கொலையா? மாடு உன்ன என்ன பண்ணுச்சு?

மார்ச்சுல ஒண்ணு அனுப்பினியே, புதுச் செருப்பு தேஞ்சிடும்னு அந்தப் பொண்ணு கைல எடுத்துகிட்டு நடப்பாளே, அத மூணு தரம் வாசிச்சேன். ஏன்னு தெரியல. மத்தது அப்படி இல்லேன்னாலும் பரவால்ல, கணக்குக்கு எட்டு ஆச்சு. இன்னும் நாலே நாலு. கிறிஸ்துமஸ் அன்னிக்கிப் பூசை முடிஞ்சு வந்து காப்பி குடிக்கிறேன், பாரு.

அக்கா,
அல்போன்சா


பிரேசர் டவுன்
12-12-1936

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு வெட்கம்தான் காரணம்.

மாட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஐந்தையும் நான் எங்கும் அனுப்பவில்லை, கணக்கிலும் சேர்க்கவில்லை. ஆக மூன்றுதான். வருஷம் முடிவதற்குள் இன்னொன்று வந்தாலே அதிகம்.

பன்னிரண்டும் முடிந்தது என்று உனக்கு ஒரு கார்டு போட்டுவிடலாமா என்று நினைத்தேன். நீ நம்புவாய். கார்டைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பில் வெந்நீர் வைப்பாய். அப்படி ஒரு ஆசை எனக்கு வந்தது என்பதையும் உன்னிடம் மறைக்க முடியவில்லை.

பன்னிரண்டு என்று ஏன் சொன்னேன் என்று இப்போதுதான் புரிகிறது. அம்மா போனபோது நீ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாய். பரீட்சைகள் இருந்தவரை உன்னிடம் கொண்டுவந்து காட்ட எனக்கு மார்க் இருந்தது. பி.ஏ. முடிந்ததும் காட்ட ஒன்றும் இல்லை. அதனால் கதைக்கும் ஒரு எண் வைத்தேன். எழுத ஆசைப்பட்டு வைத்த எண் இல்லை அது.

நீ காப்பியை விட்டபிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. கதையில் இருப்பவள் அடுத்து என்ன செய்வாள் என்று யோசிக்க முடியவில்லை. இன்னும் எத்தனை பக்கம் எழுதினால் உனக்குத் தலைவலி தீரும் என்றே யோசித்தேன். அதனால்தான் அத்தனை பேரும் அவசரமாகச் செத்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த பெண்ணை எழுதியபோது மட்டும் உன் நேர்ச்சை என் ஞாபகத்திலேயே இல்லை. இதைச் சொல்லத்தான் உடம்பெல்லாம் கூசுகிறது. உன்னை மறந்துவிட்டு நான் எழுதியதைத்தான் நீ மூன்று தரம் வாசித்திருக்கிறாய்.

சாமியாரைக் கேட்டுவிட்டேன், திட்டாதே. பண்டிகைக்கு வரும்போது நீ ஒரு வார்த்தை சொன்னால் காப்பிக்குப் பதிலாக வேறு ஜெபம் கொடுத்து நேர்ச்சையை முடித்து வைப்பாராம். அவசியம் சொல். மாமாவையும் அழைத்து வா. இங்கே அவர் திருட்டுத்தனமாகக் குடிக்க வேண்டியதில்லை. கேக்குக்கு வேண்டிய உலர்ந்த திராட்சையை அப்பா இப்போதே வாங்கி வந்துவிட்டார், பாதியை அவரே தின்றுகொண்டிருக்கிறார்.

அடுத்த வருஷத்துக்கும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன். அது என்னவென்று உன்னிடம் சொல்லப்போவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கேட்க மனம் வராமல்தான் இத்தனையும் எழுதினேன். வருஷப் பிறப்பன்று மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போடும்போது உனக்கென்று ஏதாவது கேட்டுக்கொள். என் பெயரை மட்டும் சொல்லாதே, அக்கா.

உன் தங்கை,
பவுலின்