பத்திரிகையில் குமரனின் டீம்

ஐப்பசி 9, ஞாயிறு

திருக்கடையூரில் நடக்கப்போகும் இவருடைய எழுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை புரூஃப் வந்தது. மகளின் கணவர் பெயருக்குக் கீழே அவர் வேலை பார்க்கும் வங்கி, மகன் குமரன் பெயருக்குக் கீழே அவன் ஆடும் கூடைப்பந்து டீம். அதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். மாலையில் கூப்பிட்டான்.

"அம்மா, அந்த டீம்ல இப்ப நான் இல்ல. போன வாரமே என்னைக் கழட்டி விட்டுட்டாங்க. வெறும் பேரைப் போட்டுடு."

பதினோரு வருஷத்தில் ஏழாவது டீம். அவனுக்கு வயது முப்பத்து மூன்று.

"பழைய டீமே இருக்கட்டும். யாரு சரிபாக்கப் போறா?" என்றார் இவர்.

"நான் பாத்துட்டேனே" என்றேன். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை, தப்பென்று தெரிந்தபின் விடாது.

ஆட்டத்தில் குமரனின் இடம் பாயிண்ட் கார்டு. அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பந்தியைத்தான் உதாரணம் சொல்வேன். பந்தி விசாரிப்பவர் எந்த இலையில் ரசம் இல்லை என்று பார்த்து ஆளை அனுப்புவார். குமரனும் யார் தோதாக நிற்கிறார்கள் என்று பார்த்துப் பந்தைக் கொடுப்பான். பெயர் வாங்குவது கூடையில் போட்டவர்தான். இத்தனை வருஷமும் அவன் விசாரித்தது அடுத்தவர் வீட்டுப் பந்தி.

டீம் பெயரை அடித்துவிட்டு, "கூடைப்பந்து ஆட்டக்காரர்" என்று எழுதினேன். போனில் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அதுக்குள்ள வேற டீம் கிடைக்கலன்னா?"

"அன்னிக்கு நம்ம வீட்டுப் பந்தியை விசாரி."

சிரித்தான். எனக்காகச் சிரித்ததுபோல்தான் இருந்தது. காலையில் அச்சகம் திறந்ததும் நானே போய்க் கொடுத்துவிட வேண்டும்.