முதல் காட்சிக்குப் போன துணைவேந்தர்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அவர் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உன் அம்மாவும் அப்படித்தான் என்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

எங்கள் புதுப் பல்கலைக்கழகத்துக்கு நிலம் கிடைத்துவிட்டது! நேற்றுப் பத்திரப்பதிவு முடிந்தது. இந்த வருடத்துக்குள் சொந்த இடம் இல்லையென்றால் எங்களைப் பழைய பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிடுவதாக அரசு சொல்லியிருந்ததே, அப்படி நடந்திருந்தால் நானும் என் கணிதத் துறையும் இருந்த இடம் தெரியாமல் போயிருப்போம். ஊருக்கு வெளியே இருக்கிற அந்த நிலத்தின் சொந்தக்காரர், லாரிகள் வைத்திருப்பவர், இரண்டு முறை கேட்டும் முடியாது என்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, நேரே போய்க் காரணம் கேட்டேன். உங்க துணைவேந்தரை வாராவாரம் முதல் காட்சியில பாக்குறேன், படம் பாக்கறதே வேலையா இருக்கறவர நம்பி எப்படிம்மா நிலத்தைக் குடுக்கறது என்றார். நீங்களும் வாராவாரம் போயிருக்கிறீர்களே என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். கையோடு அவரைத் தியேட்டர் மாடிக்கு, எங்கள் வாடகை வகுப்புக்கு, அழைத்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். தேற்றத்தின் பாதியில் கீழே சண்டைக்காட்சி தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. நான் சாக்பீஸை வைத்தேன், பிள்ளைகள் பேனாவை வைத்தார்கள். வில்லன் விழுந்து அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அவ்வளவு பழகிவிட்டது. மனிதர் மிரண்டுபோனார். படத்தில் எந்த நேரம் சத்தம் குறைவு என்று பார்த்துத்தான் பாடவேளையே போடுகிறோம், அப்படியும் ஒரு சண்டை நுழைந்துவிடுகிறது, அந்த நேரம் குறிக்கத்தான் துணைவேந்தர் முதல் ஆளாக ஓடுகிறார், பாவம், அவருக்குச் சினிமாவே பிடிக்காது என்றேன். உடனே அவர், இந்தப் புள்ளைங்க இப்படியா படிக்குதுங்க, நாளைக்கே பத்திரத்தை எழுதுங்க என்று எழுந்துவிட்டார். மனை போட்டு விற்கிறவர்கள் அவர் வாசலில் வரிசையில் நிற்க, எங்களால் முடிந்த விலைக்கே கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதிவு முடிந்து எல்லோரும் நிலத்துக்கே போனோம். துணைவேந்தர் புல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் போட்டுச் சிரித்தார், அவர் பல்லை நேற்றுத்தான் பார்த்தேன். நான் என் துறைக்கு ஓர் இடம் பார்த்துக் காலை ஊன்றி நின்றுகொண்டேன். வரைபடத்தில் அங்கே கழிப்பறை வருகிறதும்மா என்று பொறியாளர் இழுத்தார். கழிப்பறையை நகர்த்துங்கள், நான் நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நகர்த்திவிட்டார்கள்.

நீ எடுத்த காரியமெல்லாம் இப்படியே கைகூட வேண்டும், நூறு வயது நன்றாக இரு. விடுமுறைக்கு வரும்போது நல்ல கெட்டிச் செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, நிலமெல்லாம் முள்.

சொந்த மண்ணில் நிற்கும்
உன் அம்மா