கேசட்டில் ஒரு சிரிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சௌக்கியம், சத்தியமாக.

போன வாரம் என் தமிழ் நிகழ்ச்சியில் ஒரு சின்னக் கூத்து. நேயர்கள் போனில் பேசும் நேரத்தில் ஒருவன் வந்து இந்த ஊர்ப் பாஷையில், "உன் பாஷையை உன் ஊர்ல போய்ப் பேசு. பச்சைக் கதவு வீடுதானே உன்னுது?" என்றான். நேரடி ஒலிபரப்பு, சும்மா இருக்க முடியாதே! சிரித்து வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

எங்கள் முதலாளியம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் இல்லையா, பிழைக்க வந்த எல்லா நாட்டுக்காரர்களையும் அவரவர் பாஷையில் பேச வைக்க இந்த ரேடியோவைத் தொடங்கியவர்? "ஆரம்பத்துல எனக்கும் இப்படி போன் வந்துச்சும்மா. குலைக்கிற நாய் கடிக்காது" என்றார். சொல்லிக்கொண்டே போய் வாசல் கதவைத் தாழ் போட்டார். பட்டப்பகலில், அதுவும் முதல் தடவையாக. 

நல்ல கனமான பூட்டு ஒன்று அனுப்புங்கள், இங்கே விற்பதெல்லாம் பொம்மைப் பூட்டு. இனிமேல் ரேடியோ விலாசத்துக்கே எழுதுங்கள், உறைமேல் என் பேர் வேண்டாம். பச்சை அலுத்துவிட்டது, கதவுக்கு நீலம் அடித்துவிட்டேன்.

மைக்குக்குக் கூப்பிடுகிறார்கள். போய்த்தான் ஆக வேண்டும்.

உங்கள் மகள்

பி.கு.: அன்றைய நிகழ்ச்சியின் கேசட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் மட்டும் கேளுங்கள். நான் சிரிக்கிற இடம் அம்மா காதில் விழவே கூடாது. சின்ன வயதில் கரன்ட் போய் இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் நான் எப்படிச் சிரிப்பேன் என்று அம்மாவுக்குத் தெரியும்.